அறையில் இன்னொரு குரல்

“அக்கா, என் வீட்டுல யாரோ இருந்தாங்களாம்” என்று என் தம்பி போனில் சொன்னபோது நான் சலவை இயந்திரத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள் நான். படுக்கை விரிப்பும் போர்வையும் சுற்றும் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உறுமும் இடம் அது. பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். நான் வீட்டில் உப்பு கேட்டால் அடுத்த தெருவில் கதவு திறக்கும் என்பது என் வீட்டுக்காரர் அடிக்கும் ஒரே ஜோக். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதையே அடிக்கிறார்.

“யாருடா இருந்தாங்க? திருடனா?”

“திருடன் இல்லக்கா. பரீட்சை எழுதும்போது.”

“இந்த வயசுல உனக்கென்னடா பரீட்சை? மசமசன்னு இழுக்காம விஷயத்தைச் சொல்லு.”

அவன் சொல்லவில்லை. நான் போனோடு சத்தமில்லாத வராந்தாவுக்குப் போனேன். அவனிடமிருந்து ஒரு சேதியை வாங்குவது கல்லில் நார் உரிக்கும் வேலை. நாங்கள் பேசிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். நான் பேசுவேன், அவன் ‘ம்’ கொட்டுவான். அன்று வாரத்தின் நடுநாள், அதுவும் வேலை நேரம். அவனாகக் கூப்பிட்டிருக்கிறான் என்றதுமே ஏதோ பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சின்ன வயதிலிருந்தே அவன் வாயில்லாப் பூச்சி. கடைக்கு அனுப்பினால், கடைக்காரர் ‘என்ன வேணும்’ என்று கேட்கும்வரை நிற்பான். கேட்காவிட்டால் வெறுங்கையோடு திரும்பி வந்துவிடுவான். யாராவது அடித்தால்கூட ‘ஏன் அடிச்ச’ என்று கேட்கமாட்டான். அதை நான் போய்க் கேட்டுவிட்டு வருவேன், சில சமயம் இரண்டு வைத்துவிட்டும் வருவேன். இந்த வீட்டுக்கு ரெண்டு வாய் வந்துச்சு, ரெண்டும் ஒருத்தி மூஞ்சியிலேயே ஒட்டிக்கிச்சு என்று எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவனுக்குக் குவாரியில் எடைமேடை வேலை கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் அப்பாடா என்று மூச்சுவிட்டோம். கல் உடைக்கும் குவாரியின் வாசலில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதற்கு முன்னால் தரையோடு தரையாக இரும்பு மேடை. லாரி காலியாக வரும்போது ஒருமுறை அதில் ஏறி நிற்கும், ஜல்லி ஏற்றிக்கொண்டு போகும்போது மறுமுறை ஏறி நிற்கும். கூண்டுக்குள் இருக்கும் திரையில் எடை விழும். அதை அவன் மைக்கில் உரக்கப் படிக்க வேண்டும். கீழே டிரைவர் ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் சீட்டை அச்சடிக்க வேண்டும். எப்போதோ ஒரு காலத்தில் எடைத் தகராறில் ஒருவன் மண்டை உடைந்ததாம். அதற்குப் பிறகு பழைய முதலாளி போட்ட சட்டம் அது. பின்னால் வரிசையாக வண்டிகள் நின்று ஹாரன் அடித்தாலும், டிரைவர் வாயில் பீடியை வைத்துக்கொண்டு பராக்குப் பார்த்தாலும், ‘சரி’ வராமல் என் தம்பியின் விரல் பட்டனைத் தொடாது. இருபது வருஷத்துக்கு மேலாக அவன் பார்த்த வேலை இதுதான்.

வெளியே ஒரு வார்த்தை பேசாதவன் அந்தக் கூண்டுக்குள் காலையிலிருந்து சாயங்காலம்வரை பேசினான். லாரிக்காரர்கள் அவனுக்கு ‘மைக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “என்ன மைக்கு, இன்னிக்குத் தொண்டை கட்டியிருக்கு?” என்று கேட்பார்களாம். “மைக்கு, எடையைக் கொஞ்சம் பாசமா படிப்பா” என்பார்களாம். இதையெல்லாம் சொல்லும்போது மட்டும் போனில் அவன் சிரிப்பது கேட்கும்.

கல்யாணமும் செய்துவைத்தோம். பெண் நல்ல பெண், கலகலப்பானவள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, “அண்ணி, உங்க தம்பி தங்கம்தான். ஆனா செவுத்தோட எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துறது?” என்று கேட்டாள். அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தேன், ‘போய் நல்லா இரும்மா’ என்றுதான் வந்தது. அவள் போய் வேறொருவரைக் கட்டிக்கொண்டு நன்றாக இருக்கிறாள். தம்பி அவளைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை. குறை சொல்லவும் வாயைத் திறக்க வேண்டுமே! அதன் பிறகு, குவாரி பஸ் நிற்கும் சாலையில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை வீடு ஒன்று எடுத்துக்கொண்டு தனியாகவே இருந்துவிட்டான். நான் இருப்பது ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்தில்.

அந்தப் பரீட்சைக் கதையை அவன் துண்டு துண்டாகச் சொன்னான், நான் ஒட்டவைத்துப் புரிந்துகொண்டேன். குவாரியைப் புதிதாக ஒரு கம்பெனி வாங்கியிருக்கிறது. பழைய ஆட்கள் எல்லோரும் ‘அறிவுத்திறன் தேர்வு’ என்று ஒன்று எழுத வேண்டும். தேறினால் பழைய இடம், தேறாவிட்டால் வீடு. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வீட்டிலிருந்தே எழுதலாம். எழுதுகிறவரைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். போன மாதம் தம்பிக்கு லேப்டாப் வேண்டுமென்று என் மகனுடைய பழையதை அனுப்பிவைத்தது இதற்குத்தானாம். எனக்குச் சொல்லவில்லை, நானும் படம் பார்க்கத்தான் கேட்கிறான் என்று நினைத்துவிட்டேன்.

கேள்விகள் எல்லாம் ஒரு மாதிரி. எண்கள் வரிசையாக வரும், அடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். ஒரு வடிவத்தைக் காட்டி, அதைத் திருப்பிப் போட்டால் எப்படி இருக்கும் என்று கேட்பார்கள். ஜல்லி எடை போடுகிறவன் முக்கோணத்தைக் கவிழ்த்துப் பார்த்து என்ன செய்யப்போகிறான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனுக்குக் கோபம் எதுவும் இல்லை. “நல்லாத்தான் இருந்துச்சுக்கா. கடைசி கேள்விவரைக்கும் போயிட்டேன்” என்றான்.

எழுதிச் சில நாள் கழித்துச் செய்தி வந்திருக்கிறது. ‘அறையில் மற்றொரு நபரின் குரல் பதிவாகியுள்ளது. உங்கள் தேர்வு ரத்து செய்யப்படுகிறது.’ போன் செய்து கேட்டதற்கு, அன்று அறையில் வேறு யாரும் இல்லை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், நேரில் வாருங்கள் என்றார்களாம்.

ஆள் இல்லை என்று சாட்சி சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம். பக்கத்தில் நின்று சாட்சி சொல்ல ஆள் இருந்தால் அவன் எப்படித் தனியாக இருந்தவன் ஆவான்? இந்தக் கேள்வியை அந்தப் பரீட்சையில் வைத்திருக்கலாம்.

“நீ கெளம்பாதக்கா. சும்மா சொன்னேன்” என்றான்.

“வாயை மூடு. நாளைக்கு வர்றேன்.”

வேலை போனால் சம்பளம் போகும், அது யாருக்கும் உள்ளதுதான். இவனுக்குக் கூண்டு போனால் பேச்சே போய்விடும். நாள் பூராவும் ஒருவனாவது அவனுக்கு ‘சரி’ என்று பதில் சொல்கிற இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். அதை நினைத்துத்தான் ரயிலில் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

எந்த ரயில் என்று அவனிடம் சொல்லாமலே வந்து, மூன்றாம் மாடி ஏறி அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளே ஆள் நடமாடும் சத்தம் கேட்டது, கதவு திறக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மூன்றாவது தடவை மணியோடு சேர்த்துக் கதவையும் இடித்த பிறகுதான் திறந்தான்.

“காது என்ன செவிடா?”

“எங்கேயோ மணி அடிக்குதேன்னு பாத்தேன். அது நம்ம வீட்டு மணின்னு தெரியலக்கா.”

அத்தனை வருஷமாக அந்த வீட்டில் இருக்கிறான். நான் இரண்டு தடவை வந்தபோதும் ஸ்டேஷனுக்கே வந்து அழைத்துக்கொண்டு போயிருக்கிறான். தன் வீட்டு மணி எப்படி அடிக்கும் என்று உள்ளே இருந்து கேட்க அவனுக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

வீடு துடைத்துவைத்தது போல இருந்தது. கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தான். ஜன்னல் ஓரம் மேஜை, அதன்மேல் என் மகனின் லேப்டாப். இரண்டு நாற்காலிகள். ஒன்றில் உட்கார்ந்து உட்கார்ந்து பின்னல் தொய்ந்து கிடந்தது. மற்றொன்று கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் புதுசாக நின்றது. நான் அதில் உட்கார்ந்ததும் படபடவென்று சத்தம் போட்டது.

சாட்சிக்குப் பக்கத்து வீடுகளைக் கேட்கலாம் என்று கிளம்பினேன். வேண்டாம் வேண்டாம் என்று தம்பி பின்னாலேயே வந்தான். எதிர்வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கதவைத் திறந்தாள். நான் யார் என்று சொல்லி, என் தம்பி இங்கே தனியாகத்தான் இருக்கிறான் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேட்டேன்.

அவள் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“தனியாவா இருக்காரு? வீட்டம்மா இருக்காங்களே!”

“எந்த வீட்டம்மா?”

“நான் பாத்ததில்லைங்க. சாயங்காலம் இவரு வந்ததும் உள்ள பேச்சுக் குரல் கேக்கும். என்ன பேசுறாங்கன்னு புரியாது. கொஞ்சம் அதட்டலான அம்மா போலிருக்கு. பாவம் இந்த மனுஷன், வாயே தொறக்க விடமாட்டாங்க போலன்னு எங்க வீட்ல பேசிக்குவோம்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! அடப்பாவி, இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறானே என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். யாராக இருந்தால் என்ன, அதட்டினால்தான் என்ன, அவனை அதட்ட ஒருத்தி இருக்கிறாளே! வேலை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றிவிட்டது.

கதவைச் சாத்திவிட்டு, “யாருடா அவ?” என்றேன்.

“யாரும் இல்லக்கா.”

“என்கிட்ட மறைக்கிறியா? நான் என்ன அவளைக் கடிச்சா தின்னுடுவேன்? மாமாகிட்ட நான் பேசிக்கிறேன். பேரை மட்டும் சொல்லு.”

“சத்தியமா யாரும் இல்லக்கா.”

“அப்ப எதிர்வீட்டுக்காரி காதுல விழுந்தது பேயா?”

“டிவியா இருக்கும்.”

டிவியின் ஒயர் பிளக்கில் செருகாமல் சுருட்டி வைத்திருந்தது. சுருளின்மேல் தூசு. குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெட்கமே இல்லாமல் துப்பறிந்தேன். ஒரு கொண்டை ஊசி, சீப்பில் ஒரு நீள முடி, கூடுதலாக ஒரு சோப்பு, எதுவாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. தம்பியின் சவரக் கத்தியும் ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷும்தான் இருந்தன. குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

மறுநாள் காலையில் கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். ஆள் எடுக்கும் அதிகாரி முப்பது வயதுகூட ஆகாதவர், கண்ணாடி போட்டவர், பேச்சில் மரியாதை இருந்தது. சண்டைக்குத் தயாராகப் போன எனக்கு அதுவே ஏமாற்றமாகிவிட்டது.

“அம்மா, இது யாரையும் வெளிய அனுப்புறதுக்கு வச்ச பரீட்சை இல்ல. புது மெஷின் வருது. யாரு சீக்கிரம் கத்துக்குவாங்கன்னு பாக்குறதுக்குத்தான். உங்க தம்பி மார்க்கு ரொம்ப நல்லா இருக்கு. குவாரி ஆட்கள்ல யாரும் இவ்வளவு வாங்கல. அதனாலதான் எங்களுக்கே கஷ்டமா இருக்கு. நீங்களே பாருங்க.”

திரையைத் திருப்பி வைத்துப் பதிவை ஓடவிட்டார். தம்பியின் முகம் தெரிந்தது. முதலில் அவன் குரல், கூண்டில் படிப்பது போலவே நிறுத்தி நிறுத்தி, உரக்க. “ரெண்டு. ஆறு. பதினெட்டு. அம்பத்துநாலு. அடுத்தது நூத்தி அறுபத்திரெண்டு.” பிறகு கை அப்படியே நின்றது. முகம் மெதுவாகப் பக்கவாட்டில், அந்த உறை போட்ட நாற்காலி இருக்கும் பக்கம் திரும்பியது. பின்னந்தலைதான் தெரிந்தது. அப்போது வேறொரு குரல் கேட்டது.

“சரிடா, சரி. மேல போ. மசமசன்னு நிக்காத.”

அவன் முகம் திரும்பி வந்தது. பட்டனை அழுத்தினான். அடுத்த கேள்வியைப் படித்தான்.

“ஆரம்பத்துல அறையைச் சுத்திக் காட்டினாரு, யாரும் இல்ல. அப்புறம் வந்திருக்கலாம்” என்றார் அதிகாரி. “ஒவ்வொரு கேள்விக்கும் இந்தம்மா பதில் சொல்றாங்க. இவங்க யாரு?”

“இன்னொரு தரம் போடுங்க” என்றேன்.

போட்டார். அது என் குரல் இல்லை. ஆம்பிளை தொண்டையைச் சுருக்கிக்கொண்டு பேசும் குரல்தான். ஆனால் பேச்சு என்னுடையது. சோப்புத்தூள் வாடையில் எனக்கு எப்போதும் மூக்கு அடைத்திருக்கும், ஒரு பேச்சை முடித்ததும் ஒருமுறை உறிஞ்சுவேன். சலவைக்கூடத்துப் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் அப்படி உறிஞ்சிக் காட்டித்தான் சிரிப்பார்கள். ‘நிக்காத’ என்றதும் ஒரு உறிஞ்சல் கேட்டது. அதைக்கூட விடாமல் செய்திருந்தான்.

அவனைத் திரும்பிப் பார்த்தேன். காது மடல் சிவந்து, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிர்வீட்டுக்காரி கேட்ட அந்த அதட்டலான அம்மா யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

“சார், அது நான்தான்” என்றேன்.

“அப்ப நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்களா?”

“நான் எதுக்கு அங்க இருக்கேன்? ஊர்ல ஆஸ்பத்திரி வேலையில இருந்தேன். என்னை மாதிரி அவன் பேசுறான். கேள்வியும் அவன்தான், பதிலும் அவன்தான்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எடைமேடை வழக்கத்தை நான் விவரமாகச் சொன்னேன். படிக்க வேண்டும், ‘சரி’ கேட்க வேண்டும், கேட்காமல் கை நகராது, இருபது வருஷத்துப் பழக்கம். வீட்டில் ‘சரி’ சொல்ல ஆள் இல்லாததால் அதையும் அவனே சொல்லிக்கொண்டான். அவ்வளவுதான், இதில் களவும் இல்லை, சூதும் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“நீங்க சொல்றதை நான் நம்பலாம். மேல இருக்கறவங்க நம்பணுமே. அந்தக் குரல்ல ஒரு தரம் பேசிக் காட்டச் சொல்லுங்க, பதிவு பண்ணி அனுப்பிடுறேன்.”

“பேசுடா” என்றேன்.

அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. காற்றுதான் வந்தது. ஓர் அந்நியரை வைத்துக்கொண்டு, அதுவும் என் முன்னாலேயே, என்னைப் போல அவன் எப்படிப் பேசுவான்? நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. “பேசேன்டா, உன் வேலைடா!” என்று நான் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து இருவர் எட்டிப் பார்த்தார்கள். அவன் இன்னும் குறுகிப்போனான்.

அதிகாரிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். “பரவாயில்ல, இங்கேயே உக்காந்து இன்னொரு தரம் எழுதட்டும். வேற கேள்விகள். ஆனா சத்தம் வரக்கூடாது. பேசாம எழுதினா எந்தச் சந்தேகமும் இல்ல” என்றார். எனக்கு அவரைக் கும்பிடத் தோன்றியது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவனை உட்காரவைத்தார்கள். நான் இந்தப்பக்கம் பெஞ்சில். அவன் முதல் கேள்வியைப் பார்த்தான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். பதில் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் கை நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் என்னையறியாமல் தலையை ஆட்டிவிட்டேன். பட்டனை அழுத்தினான். இரண்டாவது கேள்வி. மறுபடி நிமிர்ந்தான்.

அதிகாரி வந்து, “அம்மா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்சம் அந்தப்பக்கம் திரும்பி உக்காருங்க” என்றார்.

“எனக்குக் கேள்வியே தெரியாது சார். நான் கைநாட்டுக்கு ஒரு படி மேல.”

“தெரியும்மா. இருந்தாலும்.”

திரும்பி உட்கார்ந்தேன். எதிரே வெறும் சுவர். பரீட்சை முடிகிறவரை அந்தச் சுவரைப் பார்த்து, சரிடா, சரிடா, மேல போ, என்று மனசுக்குள் கத்திக்கொண்டே இருந்தேன். சலவைக்கூடத்தில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. அவனுக்குக் கேட்டால்தானே?

முடிந்தபோது அவன் பாதிக் கேள்விகளைக்கூடத் தாண்டவில்லை. ஒவ்வொன்றிலும் விடையைக் கண்டுபிடித்துவிட்டு, அழுத்தாமல் காத்திருந்திருக்கிறான். அதிகாரி இரண்டு மதிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“அம்மா, நான் உதவி பண்ணத்தான் நெனச்சேன். இப்ப இது நேர்மாறா ஆயிடுச்சு. குரல் இருந்தப்ப அவ்வளவு மார்க்கு. குரல் இல்லேன்னா இவ்வளவுதான். யாரோ சொல்லிக் குடுத்தாங்கன்னுதானே மேல சொல்லுவாங்க?”

“சொல்லிக் குடுக்கலைய்யா! சரின்னு சொன்னா அது சொல்லிக் குடுக்கறதா?”

“எனக்குப் புரியுது. கம்ப்யூட்டருக்குப் புரியாதே.”

பிறகு அவர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். இல்லவே இல்லை என்று சாதித்தால் இன்றோடு வேலை போய்விடும், இந்தக் கம்பெனியின் எந்தக் குவாரியிலும் கால்வைக்க முடியாது. ஆள் இருந்தது உண்மைதான் என்று எழுதிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டால் வாசல் காவலுக்கு மாற்றுவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதவிடுவார்கள், கூண்டு திரும்பக் கிடைக்க வழி உண்டு. எழுதிக் கொடுப்பதென்றால் உடன் இருந்தவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கான படிவத் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு, யோசித்துச் செய்யுங்கள் என்று வெளியே போனார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் வாயாடி, சண்டைக்காரி, எல்லாம் சரி. பொய் சொல்கிறவள் இல்லை. வேலைக்கு நேரம் கழித்துப் போனால்கூடப் பஸ் வரவில்லை என்று சொல்லமாட்டேன், தூங்கிவிட்டேன் என்பேன். செய்யாத தப்பைச் செய்தோம் என்று எழுதிக் கொடுத்து, என் தம்பியைத் திருடன் என்றும் என்னைத் திருட்டுக்குத் துணை போனவள் என்றும் நாங்களே ஒப்புக்கொள்ள வேண்டுமா?

“எந்திரிடா. இந்த வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். என்கூட ஊருக்கு வா. என் வீட்ல இரு.”

அவன் எழுந்திருக்கவில்லை. பேனாவை எடுத்தான். பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தாளின்மேல் கவிழ்ந்து எழுத ஆரம்பித்தான். நான் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தேன். ‘தேர்வு எழுதியபோது என் அக்கா அறையில் என்னோடு இருந்தார்.’

“என்னடா எழுதுற? நான் எங்கடா இருந்தேன்? அன்னிக்கு நான் போர்வை துவைச்சுக்கிட்டிருந்தேன்டா! நீ பொழைக்கறதுக்கு என்னைப் பொய் சொல்ல வைப்பியா?”

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அந்த அறையில் மைக் இல்லை, கூண்டு இல்லை. இத்தனை வருஷத்தில் என்னிடம் அவன் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியது அன்றுதான்.

“பொய் எழுதலக்கா. சாயங்காலம் கதவைத் தொறந்தா நீதான் பேசுவ. கை கால் கழுவுன்னுவ. சாப்பிடலேன்னா திட்டுவ. காய்ச்சல் வந்தப்ப ராவெல்லாம் திட்டிக்கிட்டே இருந்த. அன்னிக்கும் நீ பக்கத்துல இருந்தேன்னுதான் தைரியமா எழுதினேன். வேற யாருக்கா என்கூட இருக்கா?”

சொல்லிவிட்டு, அதிகமாகப் பேசிவிட்டவன் போலச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். தாளை என் பக்கம் நகர்த்தினான், பேனாவை அதன்மேல் வைத்தான். வற்புறுத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

நான் வாய் பேசாமல் நின்றது என் ஆயுசிலேயே அந்த ஒரு தடவைதான். பேனாவை எடுத்தேன். கண்ணில் தண்ணீர் நிறைந்து எழுத்து கலங்கியது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தேன். ‘உடன் இருந்தவர்’ என்று அச்சடித்திருந்த இடத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.